ஒரு ஆள் இறங்கின மாதிரி

லாரி நின்றுவிடுமோ என்றுதான் வசந்தாமணிக்கு முதலில் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது நிற்காமலே இப்படியே போய்க்கொண்டிருக்குமோ என்று பயம் வந்துவிட்டது. நின்றால் பின்னால் இவளும் நிற்கவேண்டும். திம்பம் மலை ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்பவேண்டும். ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா இல்லையா என்பது அந்த ஹேண்ட் பிரேக்குக்கே தெரியாது. கிளட்சை விடுவதற்கும் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் வண்டி பின்னால் நழுவும். நிற்காவிட்டாலோ, இதோ இப்படித்தான், கோழித்தீவன மூட்டைகள் மேல் கட்டிய சிவப்புத் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே, இரண்டாவது கியரில், ஆள் நடக்கிற வேகத்தில், மலை முடிகிற வரைக்கும். மலைக்கு மேலே தாளவாடியில், கல்யாண மண்டபத்து வாசலில், பாக்கியம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பாக்கியம் இவள் வீட்டுக்காரர் சென்னியப்பனின் ஒரே தங்கை, கடைக்குட்டி, அவரைவிட ரொம்பவும் சின்னவள். அவள் மகள் கிருத்திகாவுக்கு இன்றைக்குக் கல்யாணம். தாலி ஏறுவதற்கு முன்னால் தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டவேண்டும். மெல்லிசான பொன் தகடு, இரண்டு ஓரத்திலும் நூல், பின்னந்தலையில் ஒரு முடிச்சு. ஆயிரம் பேர் சாப்பிட்டுப் போகிற கல்யாணத்தில் அந்த ஒரு முடிச்சை மட்டும் வேறு யாரும் போடமுடியாது. முடிச்சுப் போடவேண்டிய மாமன் இடது பக்க சீட்டில் வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருக்கிறார். பட்டம் இவள் கைப்பையில் இருக்கிறது. முகூர்த்தம் பத்தரைக்குள் முடிந்துவிடும். நடுவில் இந்த லாரி.

வண்டி இழுக்கவில்லை. இந்த மலையில் அது என்றைக்குத்தான் இழுத்தது. எண்ணூறு சிசி, மூன்று சிலிண்டர். பையன் நவநீதன் ஓசூரிலிருந்து வரும்போதெல்லாம் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்குள்ள எஞ்சின்னு ஒண்ணு இருக்குது, பாத்தியா" என்று சிரிப்பான். சிரிக்கட்டும். அவனைப் பள்ளிக்கூடத்துக்கும் காய்ச்சலுக்கும் காலேஜ் சேர்க்கவும் இழுத்துக்கொண்டு போனது இதே எஞ்சின்தான். ஆனால் இன்றைக்குப் பின்சீட்டில் சீர் சாமான் இருக்கிறது. ஒரு மூட்டை அரிசி, இரண்டு கூடை தேங்காய், வாழைத்தார், வெல்லம், குத்துவிளக்கு, அதற்கு மேலே ஒரு புது மெத்தை வேறு, கல்யாணப் பெண் மெத்தையில்லாமல் தரையில் படுத்துவிடுவாள் என்பதுபோல. அரிசியைத் தாளவாடியிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று இவள் எவ்வளவோ சொன்னாள். நம்ம காட்டில் விளைந்த அரிசி கொண்டுபோனால்தான் சீர் என்று அவர் விடவில்லை. இப்போது அந்த மூட்டை ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் வாலைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. காலை அழுத்தினால் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறமாட்டேன் என்கிறது. சத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லாமல், சொன்ன வேலையைச் செய்யாமல் பதில் மட்டும் பெரிதாகச் சொல்கிற ஆளைப்போல. மூட்டையைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டுவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அரிசியைப் போய் அப்படி நினைப்பதா என்று அதற்கும் ஒரு பயம். பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏறிய வாய், மனசு, இப்படி நினைக்கலாமா.

பண்ணாரி. மலை ஏறுகிற எந்த வண்டியும் அடிவாரத்தில் அம்மன் கோயிலில் நின்று கும்பிடாமல் ஏறாது. காலையில் அங்கே நல்ல கூட்டம். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் அவர் இவள் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, நாலு பேர் பார்க்க அவர் இவள் கையைப் பிடித்ததே கிடையாது. ரோட்டில் நடந்தால் பத்தடி முன்னால் நடக்கிற மனுஷன். இவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஐம்பத்தி மூன்று வயதில் கன்னம் சூடானது. விடுங்க, ஆளுங்க பாக்கறாங்க என்று சொல்ல நினைத்து, சொல்லாமல், கையை அப்படியே விட்டுவைத்தாள். தங்கச்சி மகள் கல்யாணம், மனசு இளகியிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள். சந்நிதியைச் சுற்றி வெளியே வெயிலுக்கு வந்து செருப்புப் போடும் வரைக்கும் அவர் கை இவள் கையில் இருந்தது. அந்தச் சூடு இப்போதும் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற உள்ளங்கையில் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது.

"இருபது மார்க்கே தாண்டல, வண்டி அழுவுது பாரு" என்றார் சென்னியப்பன். வேகத்தைச் சொல்கிறார். முள்ளைப் பார்க்கவில்லை, காதால் சொல்கிறார். இந்த எஞ்சினின் முனகலில் அது எந்த கியரில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். "முந்திட்டுப் போயிரலாம் வசந்தா. இவன் பின்னாலயே போனா பொழுதோடதான் போய்ச் சேருவோம்." முந்தலாம்தான். யார் வேண்டாம் என்றது. கல்யாணத்துக்குப் போகிற அவசரம் இவளுக்கு மட்டும் இல்லையா. ஆனால் முந்துவது என்பது இந்த வண்டிக்குக் காலை மிதித்தால் நடக்கிற காரியமில்லை, அதற்கு ஒரு முறை இருக்கிறது, அந்த முறையை இவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். முதலில் லாரியை விட்டு நன்றாகப் பின்தங்கவேண்டும். ஏசியை அணைக்கவேண்டும். "ஏசிய அணைச்சா ஒரு ஆள் எறங்கின மாதிரி" என்பார், அது உண்மைதான், பொத்தானை அமுக்கியதும் எங்கேயோ ஒரு பிடி விட்டு வண்டி லேசாகத் துள்ளும். அப்புறம் கியரைக் குறைத்து, அலறவிட்டு, வேகம் சேர்த்துக்கொண்டே வந்து, லாரியின் முதுகுக்கு வரும்போது முந்துகிற வேகம் ஏற்கனவே கையில் இருக்கவேண்டும். பெரிய வண்டிக்காரன் எதிரில் காலியா என்று பார்ப்பான், பார்த்துவிட்டு மிதிப்பான், போய்விடுவான். சின்ன வண்டிக்காரன் மிதித்துவிட்டுத்தான் பார்க்கவேண்டும். பார்த்த பிறகு மிதித்தால் எஞ்சின் முழித்துக்கொள்வதற்குள் எதிர் வண்டி வந்துவிடும்.

மிதிக்கிறவனுக்கு முன்னால் பார்க்கிறதற்கு ஒரு ஆள் வேண்டும். இத்தனை வருஷமாக அந்த ஆள் வசந்தாமணி. அவர் வலது பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், அவருக்கு லாரியின் முதுகுதான் தெரியும். இடது பக்கம் ஓடைப் பள்ளமும், ரோடு அதைச் சுற்றி இடது பக்கமே வளைவதுமாக இருக்கிற இடத்தில், இடது சீட்டில் இருக்கிற ஆளுக்கு லாரிக்கு அந்தப் பக்கம், ஓடைக்கு அக்கரையில், எதிரில் வருகிற ரோடு முழுக்கத் தெரியும். இவள் கண்ணாடியோடு கன்னத்தை ஒட்டிவைத்துப் பார்ப்பாள். காலியாக இருந்தால் "போலாங்க" என்பாள். இல்லாவிட்டால் "இருங்க". அவ்வளவுதான் பேச்சு. "போலாங்க" என்று சொன்ன அந்த நொடியில் அவர் கால் இறங்கும். ஏன், என்ன, நிச்சயமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டில் உப்பு கூட இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்கிற மனுஷன். மலையில் மட்டும், மடியில் நவநீதன் தூங்கிக்கொண்டிருக்க, மூன்று உயிரை அவள் வாயிலிருந்து வருகிற ஒரு சொல்லுக்குக் கொடுத்துவிட்டு மிதிப்பார். அந்த ஒரு சொல்லால்தான் இந்தக் குடும்பம் எத்தனையோ லாரியைத் தாண்டியிருக்கிறது. இவளுக்கு அது பெருமை. வெளியில் சொல்லிக்கொண்டதில்லை, சொன்னால் அவர் சிரிப்பார்.

இப்போது இடம் மாறிவிட்டது. போன தைப் பொங்கலிலிருந்து ஓட்டுகிறவள் இவள், பார்க்கிறவர் அவர். கிளட்சை மிதித்தால் இடது முட்டி நெம்ப வலிக்கிறது, நீ ஓட்டு, சும்மாதானே லைசென்ஸ் வெச்சிருக்கற என்று சாவியைக் கொடுத்தார். இவள் சந்தோஷப்பட்டாள். பொய் சொல்வானேன், நெம்பவே சந்தோஷப்பட்டாள். ஊரில் பெண்கள் பார்க்கும்படி சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். ஆனால் அதெல்லாம் சமவெளி. மலைக்கு இதுதான் முதல் தடவை. "ஏனுங்க, நேத்தே போயிருக்கலாமுங்க" என்றாள் இப்போது, சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டே. தாய்மாமன் முதல் நாளே போய் நிற்பதுதான் வழக்கம். நேற்று மத்தியானம் மாடு கன்று போட்டது, சரி, கன்று எழுந்து நின்று பாலும் குடித்தாயிற்று, பொழுது நிறையவே இருந்தது. கிளம்பலாமுங்க என்றாள். பொழுது சாயப் போகுது, மங்கல்ல மலை ஏறவேண்டாம், காத்தால வெயில் வந்ததும் போலாம் என்றுவிட்டார். இருட்டில் ஆனைக்கு நடுவில் பைக்கிலேயே இந்த மலை ஏறியவர். "மங்கல்ல போயி மாட்டிக்கறதுக்கா?" என்றார் இப்போதும். "சித்தெ பின்னால வா. அடுத்த வளைவுல நான் பாத்துச் சொல்றேன்."

பின்தங்கினாள். லாரிக்கும் இவளுக்கும் நடுவில் ரோடு விரிந்தது, அதற்காகவே காத்திருந்ததுபோல் பின்னாலிருந்து ஒரு பெரிய டீசல் வண்டி ஹாரன் அடித்து, இவளையும் லாரியையும் ஒரே மூச்சில் தாண்டி, வெண்ணெயில் கத்தி போவதுபோல் போய்விட்டது. உள்ளே நாலு பேர் ஏசியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மலை ஒன்று இருப்பதே தெரியாது. எரிச்சல்தான் வந்தது. அதற்குள் ரோடு இடது பக்கம் வளையத் தொடங்கியது, இடது பக்கம் பள்ளம், அதே மாதிரி இடம். "ஏனுங்க, போலாங்களா?" என்றாள். அவர் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். "ஏனுங்க." "இரு, இரு." இருந்தாள். எதிரில் எதுவும் வரவில்லை. வளைவு முடிகிற நேரத்தில் "ம், போலாம்" என்றார். அதற்குள் கொண்டை ஊசி வளைவு வந்துவிட்டது, லாரி முக்கி முனகித் திரும்ப, இவளும் முதல் கியருக்கு இறங்கி அதன் புகையைக் குடித்துக்கொண்டே திரும்பினாள். நல்ல இடம் போய்விட்டது. ஏன் இவ்வளவு நேரம் பார்த்தார். காலியான ரோட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. வயசாகிறது, நிதானம் வந்துவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதை அவளே நம்பவில்லை.

போன் அடித்தது. அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து, திரையைப் பார்க்காமலே, ஓட்டிக்கொண்டிருக்கிற இவள் முகத்துக்கு நேராக நீட்டி, "யாருன்னு பாரு" என்றார். வளைவில் ஒரு கண்ணும் போனில் ஒரு கண்ணுமாக, "உங்க தங்கச்சிங்க" என்றாள். பாக்கியத்தின் குரல் வெளியே கேட்கிற அளவுக்கு வந்தது. "அண்ணா, எங்கீண்ணா வந்துட்டிருக்கீங்க? பொண்ண மணையில உக்கார வெக்கச் சொல்றாங்க. மாப்பள வூட்டுக்காரங்க மாமன் வல்லயா, மாமன் வல்லயான்னு கேட்டே கொல்றாங்க." இவர், "ஏறிட்டோமாத்தா, பாதி மல ஏறிட்டோம்" என்றார். பாதி எங்கே ஏறினோம். வளைவுக்கு வளைவு மஞ்சள் பலகையில் எண் எழுதி நட்டிருக்கிறார்கள், இன்னும் கால்வாசி கூடத் தாண்டவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று விட்டுவிடலாம். ஆனால் போனை ஏன் என்னிடம் நீட்டினார்? எப்போதிலிருந்து நீட்டுகிறார்? வெகு நாளாக நீட்டுகிறார். அடுப்படியில் மாவுக் கையோடு நிற்கும்போதும் வந்து நீட்டுவார், எனக்கு எதுக்கு, எல்லாம் உன் ஆளுங்கதான் கூப்புடறாங்க என்பார். பேப்பரை நிறுத்திவிட்டார். அதில் என்ன இருக்குது, எல்லாம் பொய்யி என்றார், அரசியல் வெறுத்துவிட்டது என்று நினைத்தாள். போன மாசம் டம்ளருக்குப் பக்கத்தில் காப்பியை ஊற்றினார், தரையில் ஓடியது, இவள் சத்தம் போட்டாள், அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கவேண்டும். பேசாமல் போனதுதான் அன்றைக்கே உறுத்தியது. ச்சே, என்ன நினைப்பு இது. மலையில் ஓட்டும்போது நினைக்கிற நினைப்பா. முட்டி வலி, அதற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம். கண் என்று யார் சொன்னது? நான்தான் சொல்கிறேன். யாரும் சொல்லாததை நான் ஏன் சொல்லிக்கொள்கிறேன்.

முட்டி வலி. ஆடி மாசம் சென்னிமலைக்கு நடந்தே படியேறினார். இவள்தான் மூச்சு வாங்கி நடுவில் உட்கார்ந்தாள், அவர் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே நிற்காமல் ஏறினார். முட்டி வலிக்கிறவன் படியேறுவானா. சுவரை ஏன் தடவினார். இல்லை இல்லை, முருகனுக்கு என்றால் வலி தெரியாது, எல்லாரும் சொல்வதுதான். லாரிக்காரன் கையை வெளியே நீட்டி எச்சில் துப்பினான். இவள் அதை முந்தச் சொல்லிக் கை காட்டுவதாக நினைத்துக் காலை அழுத்தி, பிறகு எடுத்தாள். வண்டி குலுங்கியது, பின்னால் தேங்காய் உருண்டது. "என்ன பண்ற?" என்றார். "ஒண்ணுமில்லீங்க." நேரம் போய்க்கொண்டிருக்கிறது. மணையில் கிருத்திகா உட்கார்ந்திருப்பாள், நெற்றி வெறுமையாக. மாமன் வராமல் வேறு யாராவது ஒரு பங்காளியைப் பிடித்துக் கட்டச் சொல்லிவிட்டால், அவர் அதைத் தாங்கமாட்டார். அந்தப் பெண்ணைத் தொட்டிலில் போட்ட நாளிலிருந்து உன் பட்டத்துக்கு நான் தங்கம் எடுக்கிறேன் என்று சொல்லிவந்தவர், எடுத்தும்விட்டார். முந்தவேண்டும். இந்த லாரியை முந்தியே ஆகவேண்டும். எதிரில் வளைவு தெரிந்தது, இடது பக்கம் பள்ளம், ஓடையைச் சுற்றி ரோடு இடது பக்கம் போகிறது, இதைவிட நல்ல இடம் இனிமேல் கிடைக்காது. பின்தங்கினாள். ஏசியை அணைத்தாள். ஒரு ஆள் இறங்கினான்.

"போலாங்களா?" "போலாம்." உடனே சொன்னார். இந்தத் தடவை தயக்கமே இல்லை, பழைய கம்பீரம். "போலாம், போலாம், வெசையாப் போ." இரண்டாவது கியரில் தரையோடு அழுத்தினாள். எஞ்சின் கத்தியது, தார்ப்பாய் பெரிதாகிக்கொண்டே வந்தது, இனி ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்கவேண்டும், ஒடித்தாள், லாரியின் முதுகு விலகியது, விலகிய இடத்தில் பஸ். முழு பஸ். நெற்றியில் சாமந்தி மாலை, டிரைவரின் மீசை, கண்ணாடி முழுக்கக் காலை வெயில். கால் இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது, தாண்டிவிடலாம் என்று கால் நினைக்கிறது, ஆனால் வண்டி இழுக்கவில்லை, அரிசி மூட்டை இழுக்கவிடவில்லை, லாரியின் பின் சக்கரத்தோடு சக்கரமாகவே நிற்கிறாள், ஒரு அடி கூட முன்னால் போகவில்லை. முருகா என்றாளா, அம்மா என்றாளா, பிரேக்கை மிதித்தாள். வண்டி முகம் குத்தி, நழுவி, லாரிக்குப் பின்னால் வந்து ஒண்டியது. பஸ் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே வலது பக்கக் கண்ணாடியை உரசாத குறையாகப் போனது, ஜன்னல் ஜன்னலாக முகங்கள் இவளைத் திட்டிக்கொண்டே போயின. பயத்துக்குப் பின்னாலேயே கோபம் வந்தது.

"திடீர்னு வந்துட்டான் பாரு, கவர்மெண்ட்டு பஸ்காரன்" என்றார் சென்னியப்பன். திடீர் என்று எப்படி வரமுடியும். ஓடைக்கு அக்கரையில் அந்த ரோடு முழுக்கத் திறந்து கிடக்கிறது, மரம் இல்லை, மேடு இல்லை. பஸ் அந்த நீளத்தையும் வெயிலில் பளபளவென்று சுற்றித்தான் வந்திருக்கும். இடது சீட்டில் உட்கார்ந்து எத்தனை வருஷம் பார்த்தவள், அந்தச் சீட்டிலிருந்து எது தெரியும், எது தெரியாது என்று இவளுக்குத் தெரியாதா. சின்னப் பிள்ளை உட்கார்ந்திருந்தாலும் பஸ் வருது என்று கத்தியிருக்கும். அவர் பார்த்துச் சொல்லவில்லை. கேட்டுச் சொல்லியிருக்கிறார். ஹாரன் கேட்கவில்லை, அதனால் காலி. முதல் தடவை காதைத் தீட்டிக்கொண்டு அவ்வளவு நேரம் காத்திருந்ததும் அதனால்தான். ஐயோ, இல்லை, அப்படி இருக்காது. கண் கூசியிருக்கும், வெயில் நேராக அடித்திருக்கும். வெயில் அந்தப் பக்கம் இல்லையே. இருக்கட்டும், கேட்டுவிடலாம். எப்படிக் கேட்பது? கண்ணு தெரியுதுங்களா என்று இவரிடம் யார் கேட்பது? முப்பது வருஷத்தில் தலைவலி என்று கூட இவர் வாயால் கேட்டதில்லை.

கொண்டை ஊசி திரும்பியதும் பள்ளம் வலது பக்கம் போய், மலை இடது பக்கம் வந்தது. கற்சுவர், சுவருக்கு மேலே காய்ந்த மூங்கில், மூங்கிலில் யாரோ வீசிய பாலிதீன் பை ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. வாய் தானாகச் சொன்னது. அவள் சொல்லவேண்டும் என்று நினைக்கவே இல்லை, சொல்லிமுடித்த பிறகுதான் தன் குரலென்று தெரிந்தது. "ஏனுங்க, அக்கட்ட மூங்கிலுக்குள்ள ஆனை நிக்குது பாருங்க."

அவர் திரும்பினார். கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார். அவர் பின்கழுத்தும், புதிதாக வெட்டிய நரைமுடியும், சட்டைக் காலரில் சந்தனமும் தெரிந்தன. இல்லையே என்று சொல்லுங்க, எங்க ஆனை, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா என்று திட்டுங்க, சாமி, திட்டுங்க.

"ஆமாமா" என்றார். "நிக்குது. குட்டியும் கூட இருக்குதாட்ட இருக்குது."

வசந்தாமணிக்கு ரோடு கலங்கியது. கண்ணைத் துடைக்கக் கை எடுக்க முடியாது, இமையைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தாள். குட்டியைக் கூடச் சேர்த்துச் சொல்கிறாரே. அவள் சந்தேகப்படக்கூடாது என்று, பாவம், ஒரு குட்டியைக் கூட நிறுத்திவிட்டாரே. எத்தனை நாளாக இப்படி நடக்கிறது. எத்தனை நாளாக அவள் சொல்வதற்கெல்லாம் ஆமாமா என்று ஒன்றைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சற்று முன்னால் கொன்றிருப்பார், அவரையும் என்னையும் பஸ்ஸில் இருந்தவர்களையும், தெரியவில்லை என்கிற ஒரு சொல்லைச் சொல்ல வாய் வராமல். ஓங்கி ஒரு அறை விடவேண்டும் போல் இருந்தது. அப்படியே வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பின்கழுத்தில் முகத்தை வைத்து அழவேண்டும் போலவும் இருந்தது. கோயிலில் பிடித்த கை. வெட்கப்பட்டேனே. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவருக்கு இருட்டில் ஒன்றுமே தெரிந்திருக்காது, சுவரைத் தடவுகிற மாதிரி என்னைத் தடவியிருக்கிறார். ஆனால் வெளியே வந்த பிறகும் கொஞ்ச தூரம் விடவில்லையே, செருப்புப் போடுகிற இடம் வரைக்கும் விடவில்லையே, அதையும் தெரியாமலா பிடித்திருந்தார். அதை இப்போது கணக்குப் பார்க்கவேண்டாம். லாரி முன்னால் போய்க்கொண்டிருந்தது, அதன் தார்ப்பாய்க் கயிறு ஒன்று அவிழ்ந்து தரையில் கோடு போட்டுக்கொண்டே போனது. போகட்டும். பாக்கியம் காத்திருப்பாள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், மாமன் வராமல் எவன் பட்டத்தைத் தொடுவான் என்று பாக்கியம் வாசலை மறித்து நிற்பாள், அண்ணனுக்கு மேல் பிடிவாதக்காரி. நிற்காவிட்டாலும் என்ன செய்யமுடியும். இந்த வண்டிக்கு இவ்வளவுதான் இழுவை, எனக்கும் இனிமேல் இவ்வளவுதான் கண். வசந்தாமணி கையை நீட்டி ஏசியைப் போட்டாள். இறங்கின ஆள் மறுபடி ஏறிக்கொண்டதுபோல் வண்டி ஒரு நொடி அமுங்கி, பிறகு சமாளித்துக்கொண்டு ஏறியது.

அந்தச் சின்ன அமுங்கல் அவருக்குக் கேட்டுவிட்டது. இந்த வண்டியில் எது நடந்தாலும் அவருக்குக் கேட்கும். "ஏன் ஏசியப் போட்டுட்ட? முந்தலயா?"

"இல்லீங்க. இவன் பின்னாலயே போலாமுங்க."

வளைவுப் பலகை ஒன்று போயிற்று. அவர் வேட்டி மடிப்பை நீவிவிட்டார், நீவினதையே மறுபடி நீவினார்.

"ஆனை இல்லயா, வசந்தா?"

"இல்லீங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மடியில் இருந்த போனைத் தடவி எடுத்து, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "எடது கண்ணு சுத்தமா இல்ல" என்றார் கடைசியில், கண்ணாடிப் பக்கம் பார்த்தபடி. "இன்னொண்ணுல பக்கத்துல இருக்கறது தெரியுது. தூரமெல்லாம் பொகையாட்டந்தான். சொன்னா நீ பயந்துக்குவ. பயந்தா வண்டி ஓட்டமாட்ட." அப்புறம், குரல் ரொம்பவும் தாழ்ந்து, "அந்தப் பட்டத்த நாலு பேரு முன்னால கட்டறத நெனச்சாத்தான். முடிச்சு எங்க விழுதோ" என்றார்.

பயமாகத்தான் இருந்தது அவளுக்கு. திரும்பி வரும்போது இதே மலையைத் தனியாகப் பார்த்து இறங்கவேண்டும், நாளைக்கு ஆஸ்பத்திரி, அதற்கப்புறம் என்னவோ. எல்லாப் பயமும் அப்படியே உட்கார்ந்திருந்தது, ஒன்றும் இறங்கவில்லை. இருந்தாலும் கியரை மாற்றும்போது இடது கை ஒரு நொடி தவறி அவர் மணிக்கட்டில் பட்டது, அல்லது அவளே பட வைத்தாள்.

"மணையில நான் உங்களுக்கு எடது பக்கமாவே நிக்கறனுங்க" என்றாள், லாரியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நூல நான் எடுத்து உங்க கையில குடுக்கறேன். கிருத்திகா தலைக்குப் பின்னால சேந்ததும் சொல்றேன். நான் போலாங்கன்னு சொன்னப்பறம் நீங்க முடிச்சப் போடுங்க."